பாரிசவாதத்தின் முதல் அறிகுறிகள்: நமது லயங்களில் நாம் கண்டும் தவறவிட்டவை

மேட்டுலயம் எழுதியது (தலவாக்கலைப் பக்கம்):

அனைவருக்கும் வணக்கம். சென்ற மார்கழியில் என் அம்மாவுக்குப் பாரிசவாதம் (ஸ்ட்ரோக்) ஏற்பட்டது. அன்று காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை, தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) உள்ள எங்கள் வீட்டில் நடந்தவற்றை எதையும் ஒளிக்காமல் இங்கே எழுதுகிறேன். அந்த ஒன்பது மணி நேரத்தில் அம்மாவின் உடம்பு எங்களிடம் பல தடவை சொல்லியும் நாங்கள் கேட்கவில்லை. இன்னொரு வீட்டில் அப்படி நடந்துவிடக்கூடாது என்பதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அம்மாவுக்கு 58 வயது. தோட்டத் தொழிலாளர் பெயர்ப்பதிவிலிருந்து விலகிய பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தார். பல வருடங்களாகப் பிரஷர் இருந்தது. குளிசை இருக்கும் மாதம் குடிப்பார், முடிந்த மாதம் விட்டுவிடுவார். அன்று காலை வாசற்படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, சாறு வாயின் இடது ஓரத்தால் வழிந்து சட்டையில் சொட்டியது. நாற்பது வருடமாக வெற்றிலை போட்டும் ஒரு சொட்டைக்கூடச் சிந்தவிடாதவர் அவர். நான் அதைப் பார்த்துவிட்டு, "துடைத்துக்கொள்ளுங்கள் அம்மா, சட்டை கறையாகிறது" என்றேன். அவர் வலது கையால் வாயின் வலது பக்கத்தைத் துடைத்தார். இடது பக்கத்தில் சாறு வழிந்துகொண்டே இருந்தது.

பிறகு எழுந்து உள்ளே போனார். இடது காற்செருப்பு படியிலேயே கழன்று கிடந்தது. அது கழன்றது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு அடுப்படி வரை நடந்திருக்கிறார். நான் செருப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

ஒன்பது மணியளவில் அத்தை வந்து பார்த்தபோது வாய் கோணியிருந்தது. மார்கழிப் பனி முகத்தில் அடித்துவிட்டது என்று சொல்லி, தைலத்தைச் சூடாக்கித் தேய்த்து, துணியால் காதைக் கட்டிப் படுக்க வைத்தார். அம்மாவோ, "எனக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். மலைக்குப் போயிருந்த அண்ணன் பகல் கொழுந்து நிறுத்துவிட்டு வரட்டும், அவரைக் கேட்டு முடிவெடுக்கலாம் என்று காத்திருந்தார்கள். பகலில் அம்மாவால் எழுந்திருக்கவே முடியவில்லை. வாகனம் பிடித்து வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று.

வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியாக இவர் எப்போது முழுச் சுகமாக இருந்தார்?" என்பது. அத்தை ஒன்பது மணி என்றார். அண்ணன் பகல் பன்னிரண்டு என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. வெற்றிலைச் சாறு வழிந்ததும் ஒரு நோய்க்குறி என்று அப்போது எனக்குத் தெரியாது. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளைக்குப் போகும் நாளத்தில் இரத்தக்கட்டி அடைத்திருக்கிறது, கட்டியைக் கரைக்கும் ஊசி போடக்கூடிய நேரம் கடந்துவிட்டது என்றார்கள். அம்மா இன்று கோல் ஊன்றி நடக்கிறார். இடது கை மடங்கியபடியே இருக்கிறது.

உங்கள் வீட்டில் முதலில் கண்ணில் பட்ட மாற்றம் என்னவோ அதை எழுதுங்கள். பெரிதாகத் தெரிந்ததை அல்ல, பிறகு நினைத்துப் பார்க்கையில் "அதுதான் தொடக்கம்" என்று தோன்றிய சின்ன மாற்றத்தை எழுதுங்கள்.

—

வெள்ளைத்தொப்பி எழுதியது (கண்டி):

மேட்டுலயம் தம்பி, இதை எழுத உங்களுக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டியிருந்திருக்கும் என்பது எனக்கு விளங்குகிறது. நான் இருபது வருடங்களுக்கு மேலாகத் தாதியாகப் பணியாற்றுகிறேன். நீங்கள் எழுதியதில் எங்கள் பாடத்தில் சொல்லித்தருகிற அத்தனையும் இருக்கிறது. ஆகவே அதை வைத்தே விளக்குகிறேன்.

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆனால் உடம்பு செலவழிக்கும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமித்து வைக்கும் வழக்கம் அதற்கு இல்லை. ஒரு பெரிய நாளம் அடைபட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மூளையின் வலப்பாதி உடலின் இடப்பக்கத்தையும், இடப்பாதி வலப்பக்கத்தையும் ஆள்வதால், பாரிசவாதத்தின் அறிகுறிகள் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே வருகின்றன. வாயின் ஒரு ஓரத்தால் மட்டும் சாறு வழிவதும், ஒரு காலின் செருப்பு மட்டும் கழல்வதும் அதனால்தான். "ஒரு பக்கம்", "திடீரென்று" என்ற இரண்டு சொற்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலே பார்ப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். பல்லைக் காட்டிச் சிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்க உதடு மேலே வராமல் நிற்கிறதா என்று கவனியுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கை மேலே பார்க்கும்படி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பலவீனமான கை மெல்லத் திரும்பிக் கீழே இறங்கும். பிறகு ஒரு முழு வாக்கியம் பேச வையுங்கள். "இன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டாலே போதும். நாக்கு குழறுகிறதா என்பதை மட்டும் பார்க்காதீர்கள். சொல் மாறுகிறதா என்றும் பாருங்கள். தண்ணீர் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு "கூடை, கூடை" என்று கேட்ட ஒரு நோயாளியை நான் கண்டிருக்கிறேன். வீட்டார் அதைச் சித்தப்பிரமை என்று நினைத்துவிட்டார்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். மூன்றும் சேர்ந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். 1995இல் வெளிவந்த ஆய்வு 3 மணி நேரம் வரை அது பயன்படும் என்று காட்டியது. 2008இல் வந்த இன்னொன்று அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. ஊசிக்கு முன்னர் சி.டி. ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும். ஏனெனில் பாரிசவாதம் நாளம் அடைத்தும் வரும், நாளம் வெடித்து இரத்தம் கசிந்தும் வரும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரத்தக்கசிவு உள்ளவருக்கு இந்த ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. நெஞ்சுவலிக்குக் கொடுப்பதைப்போல வீட்டிலேயே அஸ்பிரின் கொடுக்கக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

வைத்தியர் கேட்ட அந்த முதல் கேள்வி மிகவும் முக்கியமானது. எங்கள் கணக்கு, நோய் கண்ணில் பட்ட நேரத்திலிருந்து தொடங்குவதில்லை. நோயாளி கடைசியாகச் சுகமாக இருந்த நேரத்திலிருந்துதான் தொடங்குகிறது. இரவு ஒன்பது மணிக்கு நன்றாகப் படுத்தவர் விடியற்காலை ஐந்து மணிக்குக் கை விழுந்த நிலையில் எழும்பினால், நாங்கள் இரவு ஒன்பது மணியையே எடுத்துக்கொள்வோம். ஆகவே மாற்றத்தைக் கண்டவுடனே நேரத்தைக் கையிலோ கலண்டரிலோ எழுதிவையுங்கள். அதோடு கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் கையோடு கொண்டு வாருங்கள்.

—

பூண்டுலோயாக்காரன் எழுதியது:

அக்கா, ஒரு சந்தேகம். இரண்டு கிழமைக்கு முன்னர் என் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து ரொட்டி நழுவி விழுந்தது. எடுக்கப் பார்த்தார், விரல்கள் மடங்கவில்லை. பேச்சும் தடித்துப்போனது. நாங்கள் பதறி எழுந்து வாகனத்துக்குச் சொல்லி அனுப்பினோம். அது வருவதற்குள், பத்து நிமிடத்தில், எல்லாம் சரியாகிவிட்டது. அப்பா கையை உதறிக் காட்டிவிட்டு மிச்ச ரொட்டியையும் சாப்பிட்டார். வாகனத்தைத் திருப்பி அனுப்பிவிட்டோம். அடுத்த கிளினிக் வருகிற மாதம் இருக்கிறது. அப்போது சொன்னால் போதும்தானே?

—

வெள்ளைத்தொப்பி எழுதியது:

போதாது, தம்பி. நாளைக் காலையே அப்பாவை வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். இன்றிரவு மறுபடி வந்தால் விடியும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

கட்டி ஒன்று வந்து அடைத்து, தானாகவே கரைந்தோ நகர்ந்தோ போயிருக்கிறது. அடைப்பு விலகியது, ஆனால் அந்தக் கட்டி எங்கிருந்து வந்ததோ அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது. கழுத்து நாளத்தில் படிந்த கொழுப்பாக இருக்கலாம், ஒழுங்கில்லாமல் துடிக்கும் இதயமாகவும் இருக்கலாம். இப்படி வந்து மறைந்தவர்கள் சிகிச்சை பெறாவிட்டால், அவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு 90 நாட்களுக்குள் முழுப் பாரிசவாதம் வருகிறது. அதிலும் ஏறத்தாழப் பாதி முதல் 2 நாட்களுக்குள்ளேயே வந்துவிடுகிறது. நீங்கள் அந்த இரண்டு நாட்களையும் கடந்திருப்பது பெரிய ஆறுதல். ஆனால் 90 நாள் கடக்கவில்லை.

"சரியாகிவிட்டது" என்ற சொல்லுக்கு நான் மிகவும் பயப்படுகிறேன். நோய் தானாகப் போய்விட்டது என்று நினைப்பவருக்கு, வைத்தியசாலைக்குப் போவதற்கான காரணமும் கூடவே போய்விடுகிறது. உண்மையில், கை கால் விழாமல் தடுக்க ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல சந்தர்ப்பம் அதுதான்.

—

பழைய மருந்துப்பெட்டி எழுதியது (மஸ்கெலியா):

நான் ஓய்வுபெற்ற தோட்ட வைத்திய உதவியாளன். தாதியம்மா சொன்னவற்றோடு, தோட்டத்து மருந்தகத்தில் முப்பது வருடம் இருந்து கண்டவற்றையும் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது பனியைப் பற்றியது. நம் மக்கள் வாய் கோணியதும் குளிர்காற்றையே குற்றஞ்சாட்டுகிறார்கள். இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை, ஏனென்றால் அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். முக நரம்பு வீங்குவதால் வாய் கோணுகிற இன்னொரு நோய் உண்டு. அது பலருக்குச் சில கிழமைகளில், சில மாதங்களில் குணமாகிவிடும். தைலம் தேய்த்துக் காதைக் கட்டியவர்களில் குணமானவர்கள் அந்த நோயாளிகளே; பெருமை தைலத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த நோயில் பெரும்பாலும் பாதிக்கப்பட்ட பக்கத்து நெற்றியும் சுருங்காது, அந்தப் பக்கத்துக் கண்ணும் மூடாது. பாரிசவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பிவிடும், வாய்ப்பக்கமே இறங்கும். ஆனால் இதை வைத்துக்கொண்டு யாரும் வீட்டிலே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இது வைத்தியருக்கு உதவும் குறிப்பே. வாய் கோணினால் பாரிசவாதம் என்று எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். இல்லை என்று அங்கே சொன்னால் மகிழ்ச்சியோடு திரும்பி வரலாம்.

குளிருக்கு வேறொரு விதத்தில் பங்கு உண்டு. குளிரில் நாளங்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். ஆகவே மார்கழி, தை மாதங்களில் குளிசையை விடுவது மற்ற மாதங்களில் விடுவதைவிட மோசமானது.

இரண்டாவது சீனி வியாதிக்காரரைப் பற்றியது. காலையில் சீனிக் குளிசையைக் குடித்துவிட்டு, வெறுந்தேத்தண்ணியோடு மலைக்குப் போகிறவர்கள் நம்மிடம் ஏராளம். பத்து மணிக்குள் இரத்தத்தில் சீனி இறங்கி, பேச்சுக் குழறி, சிலருக்கு ஒரு பக்கக் கை காலும் தளர்ந்துவிடும். அது அச்சாகப் பாரிசவாதம்போலவே இருக்கும். விரலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆகவே பக்கத்திலேயே தோட்ட மருந்தகம் இருந்தால், வாகனம் வருவதற்குள் சீனியை மட்டும் பார்த்துக்கொள்ளலாம். அதற்காகப் பயணத்தைப் பிந்த வைக்கவேண்டாம்.

மூன்றாவதாக ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறேன். எண்பதுகளின் இறுதியில், நான் வேலைக்குப் புதிதாக வந்திருந்த காலம். நாக்குக் குழறலோடு ஒரு கங்காணியைக் கொண்டுவந்தார்கள். அழுத்தத்தைப் பார்த்தேன், 210க்கு மேல் இருந்தது. அதை உடனே இறக்கிவிடவேண்டும் என்று வேகமாக இறக்கும் குளிசையைக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்பினேன். அடைபட்ட நாளத்துக்கு அப்பால் தவிக்கும் மூளைப்பகுதிக்கு எப்படியாவது இரத்தத்தைத் தள்ளிவிட உடம்பு தானே அழுத்தத்தை ஏற்றுகிறது என்பதும், அதைச் சட்டென்று இறக்கினால் இருக்கிற கொஞ்ச ஓட்டமும் நின்றுபோகும் என்பதும் பிற்பாடுதான் எனக்குத் தெரியவந்தது. அந்தக் கங்காணி வைத்தியசாலைக்குப் போகும் வழியிலேயே பேச்சை முற்றாக இழந்தார். இன்றும் வீட்டில் மின்கருவியால் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, எண்ணைக் கண்டு பயந்து, ஒன்றுக்கு இரண்டாகக் குளிசை கொடுக்கிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். அவசர நேரத்தில் அழுத்தத்தை இறக்குவதா வேண்டாமா என்பதை ஸ்கேனைப் பார்த்தபிறகு வைத்தியர் முடிவு செய்வார்.

விரல் நுனிகளை ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் வாதம் இறங்கும் என்று ஒரு செய்தி வட்ஸ்அப்பில் வருடா வருடம் சுற்றுகிறது. புறா இரத்தம் பூசும் வழக்கமும் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. இரண்டினாலும் ஒரு நன்மையும் இல்லை. போகும் நேரம் மட்டும் திரும்பி வராது.

—

தேயிலைக்காற்று எழுதியது (ஹப்புத்தளை):

நான் ஆசிரியை. எங்கள் வீட்டில் நடந்தது இங்கே யாரும் சொல்லாத விதமாக இருந்ததால் எழுதுகிறேன்.

என் சித்தப்பாவுக்கு வாய் கோணவில்லை, கையும் விழவில்லை. அன்று சம்பள நாள். மாலையில் கடைவீதியிலிருந்து ஏறி வரும்போது தள்ளாடியிருக்கிறார். பாதையோரச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்திருக்கிறார். பேச்சும் குழறியிருக்கிறது. சம்பள நாளில், தள்ளாடிக்கொண்டு, குழறிப் பேசி, வாந்தி எடுக்கும் ஓர் ஆணைக் கண்டால் தோட்டத்தில் யார்தான் வேறு எதையாவது நினைப்பார்கள்? பக்கத்து லயத்துப் பையன்கள் இருவர் தாங்கிப் பிடித்து வந்து திண்ணையில் படுக்கவைத்துவிட்டுப் போனார்கள். சித்தி கோபத்தில் முகம் கொடுத்துப் பேசவில்லை. "இரண்டு இரண்டாகத் தெரிகிறது" என்று சித்தப்பா சொன்னதை அவர் குடிகாரப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டார். உண்மையில் அன்று அவர் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. சம்பளக் காசு முழுதும் சட்டைப்பைக்குள்ளேயே மடித்தபடி இருந்தது. விடியற்காலையில் எழுப்பியபோது நினைவு இல்லை.

மூளையின் பின்புறத்தில், சமநிலையை ஆளும் பகுதியில் அடைப்பு ஏற்பட்டால் இப்படித்தான் வரும் என்று பதுளையில் வைத்தியர் விளக்கினார். திடீர்த் தலைச்சுற்று, தாங்கிப் பிடிக்காமல் நிற்கமுடியாமை, இரட்டைப் பார்வை, ஒரு பக்கப் பார்வை அற்றுப்போதல், விக்கல், விழுங்க முடியாமை ஆகியவற்றுக்கு வாய் கோணலைவிடக் குறைந்த மதிப்புக் கொடுக்கவேண்டாம் என்றார். முன் எப்போதும் இல்லாத கடும் தலையிடி திடீரென்று வந்தால் அது இரத்தக்கசிவாக இருக்கலாம் என்பதையும் சொன்னார்.

சித்தி இப்போதும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்கிறார்: "நான் கிட்டப் போய் வாயை மோந்து பார்த்திருக்கலாமே?" எனக்கு அவரிடம் சொல்லப் பதில் இல்லை. குடிப்பவருக்கும் பாரிசவாதம் வரும் என்பதால், வாயில் மணம் வந்தாலும் கைகளை நீட்டச் சொல்லிப் பார்க்கத்தான் வேண்டும்.

—

மூன்றுசக்கரம் எழுதியது (பொகவந்தலாவை):

நான் ஓட்டோ ஓட்டுபவன். நோயாளர்களை நிறைய ஏற்றியிருக்கிறேன். ஆதலால் போக்குவரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசம். 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் அழைப்பவர்கள் இடம் சொல்லும்போது தடுமாறுகிறார்கள். நாம் தோட்டத்துக்கு ஒரு பெயர் வைத்திருப்போம், கம்பனிப் பதிவில் வேறொரு பெயர் இருக்கும், பெயர்ப்பலகையில் ஆங்கிலப் பெயர் இருக்கும். நாம் வழக்கமாகச் சொல்லும் தமிழ்ப் பெயர் வெளியூர்ச் சாரதிக்குத் தெரியாது. ஆகவே பதிவில் உள்ள பெயரையும், மேற்பிரிவா கீழ்ப்பிரிவா என்பதையும், எந்தப் பெரிய வீதியில் எந்தச் சந்தியில் திரும்பவேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள். சந்திக்கு ஒருவரை அனுப்பி நிற்கச் சொல்லுங்கள். இரவென்றால் கையில் டோர்ச் இருக்கட்டும்.

லயத்துப் படிகளில் அம்புலன்ஸ் ஏறாது. கம்பளியில் வைத்து நால்வர் தூக்கி வரும்போது தளர்ந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அந்தத் தோள்மூட்டு எளிதில் நழுவும் என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். அம்புலன்ஸ் வரப் பிந்தும் என்று அவர்களே சொன்னால் மட்டும் கிடைக்கிற வாகனத்தில் ஏற்றுங்கள். என் ஓட்டோவில் இருவருக்கு நடுவே உட்காரவைத்து, தலை தொங்கத் தொங்கக் கொண்டுவருகிறார்கள். அப்படிச் செய்யாமல், நினைவிருந்தால் தலையைச் சற்று உயர்த்தியும், வாந்தியோ மயக்கமோ இருந்தால் ஒருக்களித்தும் படுக்கவைக்க இடமுள்ள வாகனமாகப் பாருங்கள். வழியில் சோடா, தேத்தண்ணி எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒருமுறை என் வாகனத்திலேயே ஒரு பெரியவருக்கு அன்போடு தண்ணீர் புகட்டினார்கள். அது தொண்டைக்குள் இறங்காமல் புரையேறி, அவர் முகம் நீலம்பாரித்ததைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

—

கீழ்ப்பிரிவு எழுதியது (அக்கரப்பத்தனை):

நீங்கள் எல்லோரும் நல்ல மனதோடு எழுதுகிறீர்கள். ஆனாலும் எனக்கு ஓர் ஆற்றாமை இருக்கிறது. அறிகுறியைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தாலும் என்ன பயன்? என் மாமியாருக்கு வந்தபோது நாங்கள் பிந்தவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் பக்கத்திலுள்ள வைத்தியசாலையில் சேர்த்தோம். அங்கே ஸ்கேன் இல்லை. வேறிடத்துக்கு அனுப்ப எழுதினார்கள், அம்புலன்ஸ் வெளியே போயிருந்தது, காத்திருந்தோம். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கே 80 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான வளைவுப் பாதை. மழையில் மண்சரிந்தால் அதுவும் இல்லை. குற்றத்தை முழுவதும் நம் வீட்டுப் பெண்கள் மீதும் தைலத்தின் மீதும் போட்டுவிட்டு, கொழுந்து விளையும் மலைகளுக்கு இடையில் ஸ்கேன் இயந்திரங்கள் ஏன் இத்தனை தூரத்துக்கு ஒன்றாக இருக்கின்றன என்று கேளாமல் விடுவது நியாயமாகத் தெரியவில்லை.

—

வெள்ளைத்தொப்பி எழுதியது:

உங்கள் கோபம் நியாயமானது, அதை மறுத்து ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். அந்தக் கேள்வியைத் தொழிற்சங்கங்களிடமும் மக்கள் பிரதிநிதிகளிடமும் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

ஆனால் "என்ன பயன்" என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். பாதை நீளமாக இருக்கும் ஊரில்தான் வீட்டில் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை கூடுகிறது. வைத்தியசாலைக்குப் பத்து நிமிடத்தில் போகக்கூடியவர் வீட்டில் ஒரு மணி நேரம் தாமதித்தாலும் ஊசிக்குரிய நேரம் மிஞ்சலாம். மூன்று மணி நேரம் பயணம் செய்யவேண்டிய நமக்கு மிஞ்சாது. அதனால் அழைக்கும்போதே "பாரிசவாதம் என்று சந்தேகிக்கிறோம், இத்தனை மணிக்குத் தொடங்கியது" என்று சொல்லுங்கள். முதல் வைத்தியசாலையின் வாசலிலும் அதையே சொல்லி, ஸ்கேன் உள்ள இடத்துக்கு இப்போதே தொலைபேசியில் அறிவிக்கும்படி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, அது மரியாதைக் குறைவு ஆகாது.

ஊசிக்குரிய நேரம் கடந்துவிட்டாலும் வராமல் இருந்துவிடாதீர்கள். விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்த்து உணவு கொடுப்பது, காய்ச்சலையும் சீனியையும் கட்டுக்குள் வைப்பது, கைகால்களுக்கு நேரத்தோடு பயிற்சி தொடங்குவது, அடுத்த தாக்குதலைத் தடுக்க மருந்து கொடுப்பது ஆகிய எல்லாம் உயிரையும் நடையையும் காப்பாற்றுகின்றன. இதற்கெல்லாம் ஊசி தேவையில்லை.

—

பழைய மருந்துப்பெட்டி எழுதியது:

கீழ்ப்பிரிவு மகளே, நீங்கள் கேட்டதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். கிளினிக் நாளில் வேலைக்குப் போகமுடியாது, பேர் விழாது. ஒரு நாள் சம்பளத்தை இழந்து பெறவேண்டிய இலவசக் குளிசையை, சுகமாக இருப்பதாக உணரும் ஒருவர் ஏன் போய் எடுக்கப்போகிறார்? அழுத்தம் 140க்கு 90ஐத் தாண்டி வருடக்கணக்கில் நின்றாலும் உடம்பு வலிக்காது. பாரிசவாதத்துக்கான காரணங்களில் இதுவே முதலாவது. தோட்டத்திலேயே, காலையில் வேலைக்குக் கூடும் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்திலேயே மாதம் ஒருமுறை அழுத்தம் பார்த்துக் குளிசை கொடுக்க ஏற்பாடு இருந்தால், நான் கண்ட நோயாளர்களில் பலர் இன்றும் கை வீசி நடந்துகொண்டிருப்பார்கள். கருவாட்டையும் ஊறுகாயையும் குறைக்கச் சொல்வது எளிது. ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாக இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெற்றிலையோடு போடும் புகையிலையையும் விடவேண்டும். ஆனால் குளிசை தவறாமல் கைக்கு வந்து சேரும் வழியைச் செய்யாமல், சாப்பாட்டை மட்டும் குறைகூறிக்கொண்டிருப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இளையவர்களையும் மறக்கவேண்டாம். சிறுவயதில் மூட்டுக்காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதானவர்களுக்கு இருபது, முப்பது வயதிலும் பாரிசவாதம் வரலாம். "இந்த வயதில் வராது" என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

—

பூண்டுலோயாக்காரன் எழுதியது:

வெள்ளைத்தொப்பி அக்காவுக்கு நன்றி. அப்பாவை மறுநாளே கூட்டிச் சென்றோம். நாடித்துடிப்பு ஒழுங்கில்லாமல் இருக்கிறது என்று கண்டுபிடித்து விடுதியில் வைத்திருக்கிறார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து தொடங்கியிருக்கிறார்கள். அப்பா வீட்டுக்கு வரவேண்டும் என்று அடம்பிடிக்கிறார், நான் விடவில்லை.

—

மேட்டுலயம் எழுதியது:

எழுதிய எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை நேற்றிரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். பிறகு, என்னை இத்தனை மாதமாக வருத்திக்கொண்டிருந்த ஒன்றை அவரிடமே கேட்டுவிட்டேன். "உங்களுக்கு ஒன்றுமில்லை என்று ஏன் அம்மா திரும்பத் திரும்பச் சொன்னீர்கள்? எங்களுக்குச் செலவு வைக்கக்கூடாது என்றா?"

அதற்காக அல்ல என்றார். உண்மையாகவே ஒன்றும் தெரியவில்லையாம். வலியில்லை, விறைப்பில்லை. அத்தை இடது கையை எடுத்து மடியில் வைத்தபோது, "யாருடைய கையை என் மேல் போடுகிறாய்?" என்று அத்தையிடமே கேட்டிருக்கிறார். அத்தை அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டாராம். தாதியம்மா, இப்படியும் இருக்குமா?

—

வெள்ளைத்தொப்பி எழுதியது:

இருக்கும், தம்பி. மூளையின் வலப்பாதி தாக்கப்பட்டவர்களில் பலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். தங்களுக்கு நோய் வந்திருப்பதும் அவர்களுக்குத் தெரியாது. சாறு இடது பக்கத்தில் வழிய, அம்மா வலது பக்கத்தைத் துடைத்தார் என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோதே எனக்கு இதுதான் தோன்றியது. அவர் பொய் சொல்லவில்லை, எதையும் மறைக்கவுமில்லை. ஆகவே நோயாளியிடம் "என்ன செய்கிறது?" என்று கேட்டுவிட்டு, "ஒன்றுமில்லை" என்ற பதிலோடு நின்றுவிடக்கூடாது. கையை நீட்டச் சொல்லி நாமேதான் பார்க்கவேண்டும்.

அம்மாவுக்கு இன்னொன்று. வெற்றிலைத் தட்டு, தண்ணீர்ச் செம்பு, கலண்டர் எல்லாவற்றையும் அவருடைய இடது பக்கத்தில் வையுங்கள். நீங்களும் இடது பக்கமாக உட்கார்ந்தே பேசுங்கள். அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கப் பழகினால் கைக்கும் அது நல்லது.

—

மேட்டுலயம் எழுதியது:

கட்டிலை இன்று காலையே திருப்பிப் போட்டுவிட்டோம். இப்போது வாசல் அம்மாவின் இடது பக்கம் இருக்கிறது. யார் உள்ளே வந்தாலும் அந்தப் பக்கம் திரும்பித்தான் பார்க்கிறார். வெற்றிலைத் தட்டை மட்டும் வைக்கவில்லை; அதற்குப் பதில் தேத்தண்ணிக் கோப்பையை வைத்திருக்கிறேன். மூன்றுசக்கரம் அண்ணா சொன்னபடி, தோட்டத்தின் பதிவுப் பெயரையும் சந்தியையும் 1990 என்ற எண்ணையும் அண்ணன் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டார் வந்து பார்த்துவிட்டு, தங்களுக்கும் ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். எங்கள் லயத்தில் பன்னிரண்டு வீடுகள். இன்றிரவு மிச்சப் பத்துக்கும் எழுதுகிறோம்.